மலை மேல் முலாம்பழம்

சித்திரை மாதத்து மத்தியான வேளையில் நாமக்கல் கடைத்தெரு வழியாகப் போகிறவர்களுக்கு, கண் காண்பதற்கு முன்னமே மூக்கு ஒரு சமாசாரம் சொல்லிவிடும். எங்கோ அருகில் கூடை நிறைய முலாம்பழம் வந்து இறங்கியிருக்கிறது என்பதே அந்தச் சமாசாரம். வேறு பழங்களின் வாசனையை அறிய நாம் அவற்றின் அருகே போகவேண்டும். முலாம்பழமோ தெருக்கோடியிலிருந்தே கைதட்டிக் கூப்பிடுகிற ஜாதி. ஆனால் அந்த அழைப்பை நம்பி வாங்கிவந்து வீட்டில் அறுத்துப் பார்த்தால், பெரும்பாலும் சர்க்கரை டப்பாவைத் தேடி அலமாரியைத் திறக்க வேண்டியதாகிறது. இந்த ஏமாற்றம் நம் வாசகர்களில் அநேகருக்குப் புதிதல்ல என்று நினைக்கிறோம்.

இதற்குக் கடைக்காரர் மேல் குறை சொல்லிப் பயனில்லை. வாழைக்காயையும் மாங்காயையும் முற்றியவுடன் பறித்து வைக்கோலில் புதைத்து வைத்தால் அவை இனிப்பாகிவிடுகின்றன. அந்தக் காய்களுக்குள் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. பறித்த பிறகு அதுவே சர்க்கரையாக மாறுகிறது. முலாம்பழத்துக்கு இந்தச் சேமிப்புப் பழக்கமே கிடையாது. அதன் சர்க்கரை முழுவதும் இலைகளில் உண்டாகி, கொடியின் வழியாக, கடைசிப் பத்துப் பதினைந்து நாட்களில் அவசர அவசரமாகப் பழத்துக்குள் வந்து சேர்கிறது. காம்பு அறுந்த நிமிஷத்தோடு வரவு நின்றது. அப்புறம் எத்தனை நாள் வைத்திருந்தாலும் பழம் மெத்தென்று ஆகும், வாசனை பெருகும்; இனிப்பு மட்டும் குன்றிமணி அளவும் ஏறாது. நூறு மைல் லாரியில் குலுங்கி வரவேண்டிய பழத்தை நன்றாகக் கனியவிட்டுப் பறித்தால் வழியிலேயே கூழாகிவிடும். ஆகையால் அதை முன்னதாகவே பறிக்கிறார்கள். நல்ல முலாம்பழம் என்பது பெரும்பாலும் கொல்லைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை மட்டுமே பிரயாணம் செய்யக்கூடிய வஸ்து. சொந்தத்தில் பயிர் செய்கிறவனுக்குத்தான் அது கிட்டும்.

இவ்வளவும் நமக்கு முன்பே தெரிந்திருந்ததாகப் பெருமை கொள்ள மாட்டோம். கொல்லிமலையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வீட்டில் கற்றுக்கொண்டது இது.

2024 ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுவாரம், அந்த நண்பரைப் பார்க்கப் போனோம். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி அடிவாரம் வரையில் பஸ் பிரயாணம் சுகமாகத்தான் இருக்கிறது. அதற்கப்பால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை வாசிப்பது தைரியசாலிகளுக்கு ஒரு பொழுதுபோக்கு. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையில் எலுமிச்சம்பழத்துடன் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் எந்த ரகம் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மேலே ஏறிவிட்டால் வேறு உலகம். கடல்மட்டத்துக்கு 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்த பீடபூமி அது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று சங்கப் புலவர்கள் பாடியதும், அறப்பளீசுவரர் கோயிலும், ஆகாய கங்கை அருவியும் எல்லோரும் அறிந்தவை. அவற்றைப்பற்றி இங்கே விஸ்தரிக்கவில்லை. நமது கண் போனது வீட்டுக் கொல்லைகளின்மேல். பலாமரத்தின்மேல் மிளகுக்கொடி, அதன் நிழலில் காப்பிச் செடி, ஓரத்தில் அன்னாசி, பள்ளத்தில் வாழை. ஒரு சாண் பூமியை மூன்று தளமாக வைத்து நாலு பயிர் எடுக்கிறார்கள் மலையாளி மக்கள். ஆனால் கொல்லையைத் தாண்டிச் சரிவில் பார்த்தால் பச்சையெல்லாம் மரவள்ளி. 1970-களுக்குப் பின் சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்பி இந்தப் பயிர் மலையேறிவந்தது. கையில் ரொக்கம் வந்தது உண்மை. சாமையும் கேழ்வரகும் தினையும் வரகும் விளைந்த காடுகள் சுருங்கியதும் உண்மை. சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள் முதற்கொண்டு இம்மலையில் சிறுதானிய விதைகளைக் காப்பாற்றும் வேலையை ஊர்ப் பெண்களின் துணைகொண்டு செய்துவந்திருக்கிறது. விதைக்குப் பஞ்சம் வந்த இடத்தில்தான் விதையின் அருமை தெரிகிறது.

நண்பர் வீட்டு விஷயத்துக்கு வருவோம். அவருக்கு ஒன்பது வயதில் ஒரு பிள்ளை. 2023 ஆடிப்பெருக்கு சமயத்தில் ஓரி விழாவுக்கு வந்த கூட்டத்தில் யாரோ விற்ற முலாம்பழத்தை வாங்கித் தின்று, அதன் விதையைக் கழுவிக் கொல்லையில் ஊன்றிவிட்டான் பையன். தினமும் காலையில் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். கொடி ஓடிற்று; பூத்தது; ஐப்பசியில் மூன்று காய்கள்கூடத் திரண்டன. அதற்குள் இலையெல்லாம் மாவைத் தூவினாற்போல் வெளுத்துப் பொசுங்கிப்போயிற்று. பழத்தை அறுத்தபோது ஒன்று வெள்ளரிக்காய் மாதிரி, ஒன்று பூசணி மாதிரி, மூன்றாவதற்கு எந்த ருசியும் இல்லை.

"கடையில விக்கிறதுதாம்ப்பா பழம். நம்ம வீட்ல வெளையறது பழமில்ல" என்று சொல்லிவிட்டுப் பையன் அப்புறம் கொல்லைப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டானாம்.

"பழம் போனால் போகிறது, அந்த வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை" என்றார் நண்பர். மலையில் பிறந்து வளர்கிற குழந்தைகளில் எத்தனையோ பேர் இதே வார்த்தையைச் சொல்லக் கேட்டிருக்கிறாராம். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி, மலையாளி ஸ்திரீ, எழுபதைத் தாண்டியவள், திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங் கண்ணு, மண்ணுக்குன்னு ஒரு சாதிப் பயிரு இருக்குது. மலையில பலாவத் தின்னுட்டுப் போவியா, கீழ்நாட்டுப் பழத்துக்கு ஏங்குவியா?" என்றாள். கிழவி சொன்னதில் பாதி சரி.

எது சரி, எது தவறு என்று பார்க்க வேண்டுமானால் முலாம்பழத்தின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். முலாம்பழம் என்றும் கிர்ணிப்பழம் என்றும் நாம் சொல்வது, வெடித்து மாவாக உதிர்கிற வெள்ளரிப்பழம், கோவில்பட்டி, விருதுநகர்ச் சீமையில் வற்றல் போடுகிற சுக்காங்காய் எல்லாம் ஒரே இனம். நிறமும் ருசியும் வேறாயினும் இவை உடன்பிறந்தவை. கறிக்காகும் வெள்ளரிக்காய் ஒன்றுவிட்ட சகோதரம். தர்ப்பூசணி இன்னும் தூரத்து உறவு. நெடுங்காலம் ஆராய்ச்சிக்காரர்கள் முலாம்பழத்தின் பிறந்தகம் ஆப்பிரிக்கா என்றே எழுதி வந்தார்கள். 2010-இல் அதன் காட்டு உறவினர்களை ஆராய்ந்தபோது மூலம் ஆசியாப் பக்கம் என்று தெரியவந்தது. 2019-இல் வந்த இன்னொரு பெரிய ஆராய்ச்சி, மனிதர் இதைப் பயிராக்கியது ஒருமுறையல்ல, மூன்று முறை என்றும், அவற்றில் இரண்டு ஆசியாவில், பெரும்பாலும் இந்தியாவில், நடந்திருக்க வேண்டும் என்றும் காட்டிற்று. ஆகவே இது கீழ்நாட்டுப் பழமானாலும் அந்நிய நாட்டுப் பழமல்ல.

ஆனால் இதை இனிப்பான இராஜபழமாக வளர்த்தெடுத்தவர்கள் மத்திய ஆசியாவில் பாலைவனத்தின் ஓரத்தில் வாழ்ந்தவர்கள். பாபர் 1526-இல் டில்லியைப் பிடித்த பிறகும் இந்தத் தேசத்தில் நல்ல முலாம்பழம் இல்லையே என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார். ஒரு பழத்தை அறுத்தபோது தாய்நாட்டு நினைவு வந்து கண்ணீர் விட்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். சாம்ராஜ்யத்தை வென்றவருக்கு ஒரு பழத் துண்டு இப்படிச் செய்துவிட்டது! அவர் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பால்க்கிலிருந்து வந்த தோட்டக்காரர் ஒருவரைக் கொண்டு ஆக்ராவிலே தமது தோட்டத்தில் பயிர் செய்யச் சொன்னார். 1529-இல் சின்னஞ்சிறு பழங்கள் சில நல்ல ருசியுடன் கிடைத்தபோது மனம் நிறைந்தார். நமது கொல்லிமலை ஆசிரியரும் அதே வழிக்குத்தான் வந்து சேர்ந்தார். தோட்டக்காரரை அமர்த்த வசதியில்லாமையால் தாமே புஸ்தகங்களைப் புரட்டினார்.

அவர் செய்த முதல் தவறு பருவம். இந்தப் பயிருக்குப் பகலில் 25 முதல் 35 டிகிரி வரை உஷ்ணம் வேண்டும்; காற்று உலர்ந்திருக்க வேண்டும்; வேரில் ஈரம் இருக்கலாம், இலையில் இருக்கலாகாது. உத்தரப் பிரதேசத்தில் கங்கை, யமுனையின் மணலிலும், ஆந்திரத்தில் கடப்பைப் பக்கம் பெண்ணாற்று மணலிலும் இது செழிப்பதன் இரகசியம் அதுதான். ஆடி தொடங்கிக் கார்த்திகை வரையில் கொல்லிமலையில் மழையும் மேகமும். அப்போது விதைப்பது, தீபாவளியன்று அப்பளம் வெயிலில் உலர்த்துவது போல. மலையில் வெயில் உலர்ந்து அடிக்கும் காலம் தை கடைசி முதல் சித்திரை வரை சுமார் மூன்று மாதம். முலாம்பழத்துக்கும் விதையிலிருந்து கனி வரை ஏறக்குறைய மூன்று மாதமே வேண்டும். ஆகவே கிழவி சொன்னபடி மண்ணின் குற்றமல்ல, பஞ்சாங்கத்தின் குற்றம்.

இரண்டாவது தவறு விதை. கடைப்பழம் இப்போது அநேகமாய் ஒட்டு வீரிய வித்தில் விளைவது. அதன் விதையைப் போட்டால் பிள்ளைகள் தாய்போல் இருக்கமாட்டா. பாட்டன், பூட்டன் குணமெல்லாம் தனித்தனியாய் வெளிப்படும். ஒரே பழத்து விதையில் வெள்ளரியும் பூசணியும் போல மூன்று ருசி வந்ததன் காரணம் இதுவே. தலைமுறை தலைமுறையாய்த் தாய்க்குணம் மாறாத நல்ல ரகங்கள் நமது தேசத்திலேயே இருக்கின்றன. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் ராஜஸ்தானத்து நாட்டுப் பழத்திலிருந்து தேர்ந்தெடுத்தது அர்க்கா ராஜஹம்ஸ். உத்தரப் பிரதேசத்து நாட்டுப் பழத்திலிருந்து தேர்ந்தெடுத்தது அர்க்கா ஜீத். பின்னது சிறு பழம். ஒரு குடும்பம் ஒரு வேளையில் தின்று முடிக்கலாம். டில்லியின் பூஸா சர்பதி, பஞ்சாபின் ஹரா மது ஆகியவையும் பேர்பெற்றவை. ஆசிரியர் அர்க்கா ஜீத் விதை தருவித்து வைத்திருந்தார். பையனோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தை கடைசி வாரத்தில் நாமும் இருந்து பார்க்க, விதைப்பு நடந்தது. முலாம் நாற்றுக்கு வேரைத் தொட்டால் பொறுக்காது. ஆகையால் வாழைப்பட்டைத் தொன்னைகளில் மக்கிய எருவும் மண்ணும் சமபாகம் இட்டு, தொன்னைக்கு இரண்டு விதையாக அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, இராக் குளிருக்குப் பயந்து சமையலறை அடுப்புச் சுவரோரம் வைத்தார் நண்பரின் மனைவி. ஐந்தாம் நாள் முளைத்தது. மாசி பாதியில் தொன்னையோடு பூமியில் இறக்கினார்கள். ஒன்றரை அடி சதுரக் குழிகள், குழிக்குக் குழி நாலு அடி இடைவெளி. மலைமண்ணில் புளிப்புத்தன்மை உண்டு. முலாம்பழத்துக்கு அது ஆகாது. குழிக்கு ஒரு கை நீற்றின சுண்ணாம்பை மாதத்துக்கு முன்பே கலந்து, நடும்போது நன்றாய் மக்கிய சாணியெருவும் அடுப்புச் சாம்பலும் சேர்த்தார்கள். பச்சை எருவையோ, தழைச்சத்து உரத்தையோ அள்ளிப் போட்டால் கொடி காடாய் வளரும். காய் மட்டும் இராது. பட்டணத்து மாடியில் வளர்ப்பவர்கள் பெரிய தொட்டிக்கு ஒரு செடியாக வைக்கலாம். ஆறு மணி நேர வெயில் படாத மாடியாயிருந்தால் கீரை போடுவது உத்தமம்.

இப்போது சொல்லப்போகிறது தோட்டத்துக்குப் புதியவர்கள் அவசியம் கவனிக்கவேண்டியது. முலாம்கொடியில் முதலில் பூப்பதெல்லாம் ஆண் பூ. பத்து நாள்வரையில் பூப்பதும் உதிர்வதுமாயிருக்கும். 'மலட்டுக் கொடி' என்று சபித்துப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. காய் பிடிக்கும் பூ தாய்க்கொடியில் அநேகமாய் வராது; பக்கக் கிளையின் முதல் இரண்டு கணுக்களில்தான் வரும். அதன் அடியில் கடலையளவு பிஞ்சு இருப்பதைக் கண்டு அடையாளம் தெரிந்துகொள்ளலாம். ஆகையால் தாய்க்கொடி ஐந்து இலை விட்டவுடன் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளைகள் இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடலாம். பிஞ்சு பிடித்த கிளையில் பிஞ்சுக்கு அப்பால் மூன்று இலை விட்டு மறுபடி கிள்ளவேண்டும். ஒரு கொடிக்கு மூன்று அல்லது நாலு காய்க்கு மேல் ஆசைப்படலாகாது. இலைதான் சர்க்கரை ஆலை என்று முன்னமே சொன்னோம். பத்துக் காய்க்குப் பங்கிட்டால் ஒன்றுக்கும் போதாது. பிஞ்சைக் கிள்ளி எறிய மனம் வராத நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு சமாதானம்: அந்தப் பிஞ்சு கூட்டுக்கு நன்றாயிருக்கும்.

பூ விரிவது காலையில். ஆயுள் ஒரே நாள். மகரந்தம் பிசுபிசுப்பானதாகையால் காற்று அதைக் கொண்டுபோகாது. தேனீதான் வரவேண்டும். கொல்லிமலையில் அதற்குக் குறைவில்லை. பட்டணங்களில் தேனீ வராவிட்டால், காலை பத்து மணிக்குள் ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் களைந்து, பிஞ்சுள்ள பூவின் நடுவில் இலேசாய்த் தடவிவிட்டால் போதும். பக்கத்தில் வெள்ளரிக்காய் இருந்தால் முலாம்பழம் சப்பென்று ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது சரியல்ல. அவ்விரண்டும் கலப்பதேயில்லை. வெள்ளரிப்பழத்தோடும் சுக்காங்காயோடும் கலக்கும். கலந்தாலும் அந்த வருஷத்துப் பழத்தின் ருசி மாறாது, அடுத்த வருஷத்து விதையில்தான் கோளாறு தெரியும்.

பையன் விஷயம் இங்கேதான் திரும்பிற்று. ஆசிரியருக்குத் தடித்த விரல். பூவில் தடவப்போய்ப் பிஞ்சை ஒடித்துவிட்டார். தாயார் உள்ளே இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். சற்றுத் தூரத்தில் நின்று பார்த்த பிள்ளை, "அப்பா, அப்பிடியில்ல. குடுங்க இங்க" என்று பூவை வாங்கிக்கொண்டானாம். மறுநாள் முதல் எழுந்தவுடன் அவனே போய் எந்தெந்தப் பூவுக்குத் தடவினோம் என்று பழைய புடவைக் கிழிசல் நூலைக் கட்டி அடையாளம் வைக்க ஆரம்பித்தான். தேனீக்கள் ஏராளமாய் இருக்கிற மலையில் இந்தச் சிரமத்துக்கு அவசியமேயில்லை. ஆசிரியர் அதை அவனிடம் சொல்லவில்லை.

முலாம்பழத்தின் விரோதிகளில் பிரதானமானது இலையை வெளுக்கச் செய்யும் சாம்பல் நோய். இதைக் குறித்து நம்மவர் பலரும் அறியாத ஒரு சரித்திரம் உண்டு. 1925-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள இம்பீரியல் பள்ளத்தாக்கில் இந்த நோய் தோன்றி முலாம் வயல்களைச் சூறையாடிவிட்டது. அங்கே இருந்த ரகம் ஒன்றும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. கடைசியில் இந்தியாவிலிருந்து தருவித்த விதையில் முளைத்த ஒரு செடிதான் நோய் அண்டாமல் பச்சையாய் நின்றது. அதன் பழம் வாயில் வைக்கத் தகுந்ததாயில்லை. ஆயினும் அதைத் தங்கள் இனிப்பு ரகத்தோடு பல வருஷம் மாற்றி மாற்றிக் கலந்து, 1936-இல் பி. எம். ஆர். 45 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். அந்தத் தொழில் பிழைத்தது. இரண்டு வருஷத்துக்குள் நோய் வேறு உருவம் எடுத்துத் திரும்பி வந்தது. அதற்கும் மறுபடி விதை தேட வேண்டியதாயிற்று. நம் ஊர்க் கட்டாந்தரையில், பெயர்கூடச் சரியாக வைக்கப்படாமல், கசந்துகொண்டு கிடக்கும் ஒரு காய்க்கு இப்படியும் ஒரு விலை உண்டு. சுக்காங்காய்க் கொடியைக் களையென்று வெட்டுகிறவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

வீட்டுக் கொல்லையில் செய்யக்கூடியது சுலபம். தண்ணீரைக் காலையில், வேரில், இலை நனையாமல் விடவேண்டும். மூங்கில் தட்டி கட்டிக் கொடியை ஏற்றிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும். காய்க்குப் பழைய வேஷ்டித் துண்டில் தூளி கட்டவேண்டும். வெண்புள்ளி கண்டவுடன் ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் இருமுறை தெளிக்கலாம். பாட்டி வைத்தியம்போல் தோன்றினாலும், 1999-இல் பிரேசில் தேசத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் இதே குடும்பத்துச் சீமைச் சுரைச் செடியில் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார். கந்தகப் பொடியைத் தூவலாகாது. வெயிலில் முலாம் இலை அதனால் கருகிப்போகும். பழ ஈ முட்டையிட்டால் பழம் உள்ளே அழுகும். எலுமிச்சையளவு ஆனவுடன் காகிதப் பையில் மூடிக் கட்டிவிடுவதே உசிதம். பூசணி வண்டைக் காலைப் பனியில் அது மந்தமாயிருக்கையில் கையால் பொறுக்கலாம். இந்த வேலைக்குச் சிறுவர்களைப் போலத் தகுந்தவர்கள் இல்லை.

காய் முழு அளவு அடைந்து தோலில் வலை விழத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைக்கவேண்டும். கடைசி வாரத்தில் இலை வாடாத அளவுக்கு விட்டால் போதும். இல்லாவிடில் சர்க்கரை வரும் இடத்தில் வெறும் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்ளும். பூத்து 35 அல்லது 40 நாளில் பழுக்கும். காம்பு பழத்தோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் ஒரு வெடிப்பு ஓடும், வாசனை வரும், கட்டைவிரலால் இலேசாய் அழுத்தினால் தானாகவே கழன்று கையில் விழும். இழுத்தால்தான் வருகிறதென்றால் அன்றைக்கு வேண்டாம். அறுப்பதற்குமுன் தோலை நன்றாய்த் தேய்த்துக் கழுவவேண்டும். வலைபோன்ற தோலின் இடுக்குகளில் கிருமி தங்கும். கத்தி அதை உள்ளே கொண்டுபோய்விடும். 2011-இல் அமெரிக்காவில் இப்படி அசுத்தமான முலாம்பழங்களால் 33 பேர் இறந்தார்கள் என்பதை நினைத்தால் இந்த ஒரு நிமிஷ வேலை பாரமாய்த் தோன்றாது.

2024 ஏப்ரலில் தமிழ்நாடெங்கும் வெயில் கொளுத்தியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கீழே நாம் வெந்துகொண்டிருக்கையில் மலைமேல் ஆசிரியர் வீட்டு முலாம்கொடி ஆனந்தமாயிருந்தது. சித்திரை முடிய இரண்டு நாள் இருக்கையில், 'பழம் மணக்கிறது, புறப்பட்டு வரவும்' என்று செய்தி வந்தது. மறுபடியும் 70 வளைவு, மறுபடியும் எலுமிச்சம்பழம்.

ஐந்து கொடிகளில் 14 பழம். முதல் பழத்தைப் பையன்தான் பறித்தான். அறுத்த துண்டு தேனாய் இருந்ததென்று எழுதினால் நமது பத்திரிகைக்காரப் பழக்கம் என்று எண்ணுவீர்கள். ஆகையால் நடந்ததை மட்டும் சொல்கிறோம்: சர்க்கரை டப்பா அலமாரியிலேயே இருந்தது. இரண்டாவது பழமும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் மட்டம். ஒன்பது பழம் நல்லபடியாய் வந்தது. மீதி ஐந்தும் கொடியில் இருக்கையில், வைகாசி பிறந்தவுடன் கோடை மழை வலுத்துப் பிடித்துக்கொண்டது. இரண்டே நாளில் அவை குடித்த தண்ணீர் தாங்காமல் வெடித்துவிட்டன. பத்து நாள் முந்தி விதைத்திருந்தால் அவையும் தப்பியிருக்கும் என்று ஆசிரியர் நோட்டுப் புஸ்தகத்தில் குறித்துக்கொண்டார்.

விதையைப் பற்றிப் பேச்சு வந்தது. 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தன் நிலத்தில் விளைந்த விதையை உழவன் வைத்துக்கொள்ளவும் விதைக்கவும் பிறருக்குக் கொடுக்கவும், வர்த்தகப் பெயர் போடாமல் விற்கவும்கூட உரிமை உண்டு. பையன் நூல் கட்டி வைத்திருந்த பழங்களில் மிகவும் இனித்த இரண்டின் விதையைக் கிண்ணத்தில் இரண்டு நாள் ஊறப்போட்டு, மிதந்ததைக் கொட்டி, அடியில் தங்கியதைக் கழுவி வைத்திருந்தார்கள்.

நாம் புறப்படும் நாள் காலை, பையன் ஒரு பழத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கிழவி வீட்டுத் திண்ணைக்குப் போனான். "ஆயா, மோந்து பாரு" என்றான். கிழவி மோந்து பார்த்தாள்; தோலைத் தடவினாள்; அறுக்கச் சொல்லி ஒரு துண்டைப் பல்லில்லாத வாயில் போட்டு வெகு நேரம் சுவைத்தாள். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. "வெதை எங்கடா?" என்று மாத்திரம் கேட்டாள். அவன் ஓடிப்போய்க் கொண்டுவந்த கிண்ணத்திலிருந்து ஒரு பிடி எடுத்துச் சாம்பலில் புரட்டி, அப்போதுதான் பிசைந்து வைத்திருந்த சாணி வறட்டியில் ஒவ்வொன்றாய்ப் பதித்து, புகை படும் அடுப்புச் சுவரில், அவரைக்கும் சுரைக்கும் பக்கத்தில், தட்டி ஒட்டினாள்.

"தை பொறந்ததும் வந்து ஞாபகப்படுத்து கண்ணு. ஆயாளுக்கு மறந்துபோவும்" என்றாள்.